வலிக்குச் சாட்சி யார்?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையின் அளவை ஒரு துளி இரத்தம் சொல்லிவிடும். வலியை அளக்க மட்டும் இன்றுவரை நம்பத்தகுந்த கருவி ஒன்றும் இல்லை. வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதே வலிக்குச் சான்று. மோசேயின் சட்டம் ஒரு வழக்கை நிலைநாட்ட இரண்டு அல்லது மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. வலிக்கோ ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சியே வழக்காளியும் ஆவார். அவர் சொல்லை ஏற்றால் வழக்கு நிற்கும். ஏற்காவிட்டால் அவருக்கு மேல்முறையீடு செய்யவும் இடமில்லை.

இதனால் எழும் அறக்கேள்விகள் எளியவை அல்ல. பிறருடைய வலியை எந்த அளவுக்கு நம்ப நாம் கடமைப்பட்டுள்ளோம்? உயிரைக் காப்பதற்காக அன்றி, வலியைத் தணிப்பதற்காக மட்டுமே ஒருவரின் உடலைக் கத்தியால் திறப்பது தகுமா? துன்பத்தில் மீட்பின் பொருளைக் காணும் மரபில் வந்த நாம், துன்பத்தை அகற்றும் முயற்சியை எந்தக் கண்கொண்டு நோக்க வேண்டும்? இவற்றைப் பொதுவாகப் பேசினால் அழகிய சொற்களே மிஞ்சும். ஆகவே நம் தென்னாட்டுக்கு நெடுநாள் அறிமுகமான ஒரு நோயை முன்வைத்துச் சிந்திப்போம். நாட்பட்ட கணைய அழற்சி என்பது அதன் பெயர்.

சூலை என்னும் பழம்பெயர்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பி கணையம். உணவைச் செரிக்கும் நீரைக் குடலுக்கும், சர்க்கரையை ஆளும் இன்சுலினை இரத்தத்துக்கும் தருவது அது. இச்சுரப்பி நாட்பட்ட அழற்சிக்கு உள்ளானால் மெல்ல மெல்ல வடுவாக இறுகுகிறது. அதன் நடுவே ஓடும் நாளம் ஓரிடத்தில் சுருங்கி, மற்றோரிடத்தில் புடைத்து, பலருக்கு உள்ளே சுண்ணக் கற்களும் சேர்கின்றன. நோயாளி இவற்றை அறியார். வலியை மட்டுமே அறிவார். மேல்வயிற்றில் தோன்றி முதுகைத் துளைத்துச் செல்லும் அவ்வலி வரும்போது மல்லாந்து படுக்க இயலாது. முழங்கால்களை மார்போடு அணைத்து, தலையணையை வயிற்றில் அழுத்தி, முன்னால் குனிந்து, விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் பலர். உண்டால் வலி கூடும் என்பதால் சோற்றைக் கண்டே அஞ்சுவார்கள். உடல் மெலியும்.

வீட்டில் இதற்கு இடும் பெயர்கள் வேறு. முதலில் வாயு என்பார்கள். பிறகு அல்சர் என்பார்கள். பெண்ணாயிருந்தால் மாதவிலக்குக் கோளாறு என்பார்கள். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புண் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று வீட்டார் மகிழ்கிறார்கள். நோயாளிக்கோ அன்றுதான் சிறை தொடங்குகிறது. ஏனெனில், புண் இல்லை என்பது விரைவிலேயே வலி இல்லை என்று பொருள்படத் தொடங்குகிறது. வேலைக்குப் போக மனமில்லாமல் படுத்துக்கொள்கிறான் என்று மகனைச் சொல்வார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகளைச் சொல்வார்கள்.

தமிழில் கடும் வயிற்று வலிக்குச் 'சூலை' என்பது பழம்பெயர். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் சூலையால் துடித்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. அவருடைய நோய் எந்த உறுப்பின் நோய் என்று இன்று எவரும் துணிந்து சொல்ல இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். உடனிருந்தோரின் மந்திரங்களும் மருந்துகளும் பயன்படாதபோது அவர் தேடிச் சென்றது திருவதிகையில் இருந்த தம் தமக்கை திலகவதியாரை. தம்மை விட்டு வேறு நெறிக்குச் சென்ற தம்பியை அவ்வம்மையார் வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். சமயம் எதுவாயினும், வலியோடு வருபவரை ஏற்கும் முறை இதுவே என்று தமிழ் மரபு நினைவில் வைத்திருக்கிறது.

மருத்துவ அறிவு இந்நோயை அடையாளம் கண்டது அண்மைக் காலத்தில்தான். 1959இல் இந்தோனேசியாவில் ஸாய்டமா என்னும் மருத்துவர், வறிய மக்களிடையே கணையக் கற்களும் நீரிழிவும் சேர்ந்து வருவதை எடுத்துரைத்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளரை ஆராய்ந்து 1968இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மதுவின் வாடையே அறியாத சிறுவர் சிறுமியரிடமும் இந்நோய் இருந்தது. வயிற்று வலி பிள்ளைப் பருவத்தில் தொடங்கும். சில ஆண்டுகளில் நீரிழிவு வரும். பலர் நடுவயதைக் காணாமலே மறைவர் என்பதே அந்நாளைய அனுபவம். சென்னையில் மருத்துவர் எம். விசுவநாதன், மருத்துவர் வி. மோகன் முதலியோர் 1980களில் இந்நோயால் வரும் நீரிழிவை விரிவாக ஆராய்ந்தனர். 1985இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதை நீரிழிவின் ஒரு தனி வகையாகவே தன் பட்டியலில் சேர்த்தது.

காரணம் என்ன? வறுமையும் புரதக் குறைவும் என்றார்கள். பின்னர் மரவள்ளிக் கிழங்கில் உள்ள நச்சுப் பொருளைச் சுட்டினார்கள். 2002இல், ஐதராபாத் ஆய்வாளர்கள் உள்ளிட்ட பலர், கணையத்தைத் தன் செரிமான நீரிலிருந்தே காக்கும் ஒரு மரபணுவில் ஏற்படும் பிழை இந்நோயாளரிடம் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். வலியைக் குற்றமாகப் பார்க்கும் மனநிலைக்கு இது ஒரு விடை. பத்து வயதில் சுருண்டு படுக்கும் சிறுமி தன் கணையத்துக்குச் செய்த குற்றம் எதுவும் இல்லை.

கத்தி செய்வதும் செய்யாததும்

இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. வடுவான கணையம் மீண்டும் பழைய கணையம் ஆவதில்லை. அறுவை மருத்துவம் செய்ய முனைவது வேறொன்று. 1960இல் பார்ட்டிங்டன், ரோஷெல் என்னும் இருவர் வகுத்த முறையில், புடைத்த கணைய நாளத்தை நீளவாக்கில் திறந்து, கற்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு மடிப்பைக் கொண்டுவந்து அதனோடு இணைத்துத் தைக்கிறார்கள். அடைபட்ட வாய்க்காலுக்குப் புதிய மடை வெட்டுவது போன்றது இது. 1987இல் ஃப்ரே என்பவர், வலியின் ஊற்றாக அடிக்கடி அமையும் கணையத் தலைப்பகுதியை அகழ்ந்தெடுத்து, அத்துடன் இம்மடையையும் அமைக்கும் முறையை வெளியிட்டார். வேறு வழியே இல்லாதபோது கணையம் முழுவதையும் அகற்றுவதும் உண்டு. அப்போது வாழ்நாள் முழுவதும் செரிமான மாத்திரை தேவைப்படும், இன்சுலின் ஊசியும் பெரும்பாலும் தேவைப்படும். அகற்றிய கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் நுண்திட்டுகளைப் பிரித்து அவருடைய உடலிலேயே திரும்ப வைக்கும் முறை 1977இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது.

இங்கே நாம் நின்று பார்க்க வேண்டும். குடல்வால் அறுவை உயிரைக் காக்கிறது. புற்றுக்கட்டி அறுவை நோயை அகற்றுகிறது. இந்த அறுவையோ, பெரும்பாலும் நோயை விட்டுவிட்டு வலியை மட்டுமே குறிவைக்கிறது. பல மணிநேர மயக்கம், வயிற்றில் நீண்ட தழும்பு, பெரிய அறுவைக்குரிய ஆபத்துகள், குடும்பத்தின் சேமிப்பு ஆகிய அனைத்தையும் கொடுத்து வாங்குவது வலியற்ற இரவுகளை. இது தகுமா என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புபவர் பெரும்பாலும் வலியில்லாதவர் என்பதையும் மறக்கலாகாது. இரவு உறக்கமும், சாதத்தின் சுவையும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் ஆற்றலும், வேலைக்குச் செல்லும் மதிப்பும் போய்விட்ட வாழ்வில், 'வலி மட்டும்' என்று ஒன்று இல்லை. வலி வாழ்வு முழுவதையும் தின்கிறது. ஆகவே அதைத் தணிப்பது முழு மனிதருக்குச் செய்யும் நன்மையாகும்.

காத்திருத்தலின் விலை

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே காத்திருக்கச் சொன்னது. 1984இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், கணையம் எரிந்து ஓயும்போது வலியும் சில ஆண்டுகளில் பெரும்பாலோர்க்குத் தானே ஓய்ந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அக்கருத்து பலருக்கு வசதியாயிருந்தது. ஆனால் பிற நாடுகளில் நோயாளரை நெடுநாள் பின்தொடர்ந்தவர்கள், பலருக்கு வலி ஓயவே இல்லை என்பதைக் கண்டார்கள். ஓய்ந்தாலும்தான் என்ன? பள்ளி செல்லும் வயதில் தொலைந்த ஐந்து ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்?

2007இல் நெதர்லாந்தில் 39 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு, வாய்வழியே குழாய் செலுத்தி அடைப்பை நீக்கும் முறையையும் அறுவையையும் ஒப்பிட்டது. 24 மாத முடிவில், குழாய் முறையில் 32 விழுக்காட்டினரும் அறுவையில் 75 விழுக்காட்டினரும் முழுமையாகவோ ஓரளவோ வலி நீங்கப் பெற்றிருந்தனர். 2020இல் அந்நாட்டிலேயே 88 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு ஆய்வு, தொடக்கத்திலேயே அறுவை பெற்றோர் ஒன்றரை ஆண்டுக் காலத்தில் குறைவான வலியையே அனுபவித்தனர் என்று காட்டியது. இவை சிறிய ஆய்வுகள். எல்லோர்க்கும் பொருந்தும் இறுதித் தீர்ப்பு ஆகா. எனினும் இவை சுட்டும் திசை தெளிவு. நெடுங்காலம் கவனிக்கப்படாத வலி, நரம்பிலும் தண்டுவடத்திலும் மூளையிலும் வேரூன்றிவிடுகிறது. பின்னர் அடைப்பை நீக்கினாலும் வலி போவதில்லை. வீட்டுத் தீ அணைந்த பிறகும் எச்சரிக்கை மணி ஓயாமல் ஒலிப்பதைப் போன்ற நிலை அது.

அறநோக்கில் இச்செய்தியின் கனம் பெரிது. நாம் நம்பத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோயாளியின் துன்பத்தை நீட்டுவதோடு நிற்பதில்லை. அதைத் தீராத துன்பமாகவும் மாற்றக்கூடும். நம்பிக்கையின்மை இங்கே வெறும் மனப்பாங்கு அன்று. உடலில் விளைவை உண்டாக்கும் ஒரு செயல்.

மூன்று மறுப்புகள்

வலியை நம்பாதவர் சொல்லும் காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

'அவர் மிகைப்படுத்துகிறார்' என்பது முதலாவது. மிகைப்படுத்துவோர் இருக்கலாம். ஆனால் வலியைப் பற்றி ஆராயும் பன்னாட்டுச் சங்கம், 1979இல் தான் வகுத்த இலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் உரைப்பதை மதிக்க வேண்டும் என்பதையும், சொல்ல இயலாதவர்க்கும் வலி உண்டு என்பதையும் அதன் விளக்கத்தில் சேர்த்தது. ஆய்வொன்று இங்கே நினைக்கத்தக்கது. 2024இல் வெளிவந்த ஐதராபாத் ஆய்வில் 106 கணைய நோயாளர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கற்களை உடைத்து அகற்றும் சிகிச்சை. மற்றவர்க்கு அதுபோலத் தோன்றும் போலிச் சிகிச்சை. 12 வாரங்களில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்க்கு வலி சற்றே கூடுதலாகக் குறைந்திருந்தது. 24 வாரங்களிலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. இதைக் கேட்டு, 'பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமை' என்று சொல்வோர் உண்டு. அது தவறான முடிவு. அடைப்பு மட்டுமே வலிக்குக் காரணம் அன்று என்பதுதான் இதன் பொருள். கவனிப்பும் எதிர்பார்ப்பும் ஒருவரின் வலியைத் தணிக்கக் கூடுமானால், அவ்வலி பொய் என்று ஆகிவிடாது. தாய் தடவிக்கொடுத்ததும் அழுகையை நிறுத்தும் குழந்தைக்கு அடிபடவில்லை என்று எவரும் சொல்வதில்லை.

மயிலையில் வாழும் நமக்குத் திருத்தூதர் தோமாவின் நினைவு இயல்பாகவே எழும். சாந்தோமில் அவர் கல்லறையைப் போற்றுகிறோம். ஆண்டவரின் காயத்தில் விரலை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்றவர் அவர். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. தம் காயங்களைக் காட்டினார். ஆயினும் காணாமலே நம்புவோரின் பேற்றையும் அங்கேயே எடுத்துரைத்தார். கணைய நோயாளிக்குக் காட்டுவதற்குக் காயம் இல்லை. வெளியே தோல் மாசின்றி இருக்கும். அவரை நம்புவது, தோமா முதலில் செய்யத் தவறியதை நாம் செய்வதாகும்.

'அவரே வருவித்துக்கொண்டது' என்பது இரண்டாவது மறுப்பு. நாட்பட்ட கணைய அழற்சிக்கு மதுவும் புகையும் பெருங்காரணங்கள் என்பது உண்மை. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது என்பதையும், குற்றத்தைப் பங்கிடும்போது சேர்த்தே எண்ண வேண்டும். குடியை விட்டால்தான் அறுவை என்று மருத்துவர் சொல்வது தண்டனை அன்று. விடாவிட்டால் நோய் முற்றும், அறுவையின் பயனும் கெடும் என்பதால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால் குடித்தவன் துடிக்கட்டும் என்பது சிகிச்சை அன்று, பழிவாங்குதல். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இயேசு அக்கேள்வியையே ஏற்கவில்லை. அந்த மனிதருக்குப் பார்வை அளித்தார். எரிகோ சாலையில் கிடந்தவரைக் கண்ட சமாரியர், கள்வர் நடமாடும் வழியில் ஏன் தனியே வந்தாய் என்று விசாரிக்கவில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். எண்ணெய் எரிச்சலைத் தணிப்பது என்பது கவனிக்கத்தக்கது.

'கடவுள் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்' என்பது மூன்றாவது. நம் இல்லங்களில் மிகுதியாக ஒலிப்பதும், மிகக் கவனமாக ஆராய வேண்டியதும் இதுவே.

சிலுவை சுமப்பதும் சுமத்துவதும்

துன்பத்துக்குப் பொருள் உண்டு என்று நம் விசுவாசம் அறிக்கையிடுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் துப்பாக்கிக் குண்டுபட்டு, அறுவைகளுக்கு உள்ளாகி, தம் உடலிலேயே துன்பத்தை அறிந்தவர். துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி அவர் விரிவாக எழுதிய திருத்தூது மடல் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1986 பிப்ரவரியில், சாந்தோம் பேராலயத்துக்கும் அவர் வந்தார். அந்த மடல் துன்பத்தைப் போற்றுவதோடு முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அதன் இறுதிப் பகுதி நல்ல சமாரியரைப் பற்றியது. துன்புறுவோர் தம் துன்பத்தால் நன்மை செய்யலாம். மற்றவரோ துன்புறுவோர்க்கு நன்மை செய்யக் கடமைப்பட்டவர். இந்த இரண்டும் அங்கே ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. முதலாவது அழைப்பு நோயாளிக்கு, இரண்டாவது நமக்கு. நமக்கு வந்த அழைப்பை மறைத்துவிட்டு, நோயாளிக்கு வந்த அழைப்பை அவருக்குப் படித்துக் காட்டுவது நேர்மையாகாது.

இன்னும் முன்னதாக, 1957 பிப்ரவரி 24 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். வேறு வழி இல்லாதபோது, நோயாளி தம் பிற கடமைகளை நிறைவேற்றத் தடையில்லையெனில், வலியைத் தணிக்கும் மருந்துகளைத் தருவது தகும் என்றும், அதனால் உணர்வு மங்கினாலும் ஆயுள் குறைய நேர்ந்தாலும்கூடத் தடையில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார். வலியைத் தாமே விரும்பி ஏற்பவரின் உரிமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதை எல்லோர்க்கும் கட்டளையாக்கவும் இல்லை.

விவிலியமும் இவ்வழியே செல்கிறது. கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஆண்டவர் ஏற்கவில்லை. அது அவர் தமக்காக எடுத்த முடிவு. தம்மிடம் வந்த தொழுநோயாளரிடமோ, முடக்குவாதமுற்றவரிடமோ, 'பொறுத்துக்கொள், இது உன் சிலுவை' என்று அவர் சொன்னதாக நற்செய்தியில் ஓரிடமும் இல்லை. கெத்சமனியில் அவரே துன்பக் கிண்ணம் அகலுமாறு மன்றாடிய பிறகுதான் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு பவுலடியார் மூன்று முறை ஆண்டவரிடம் வேண்டினார். அதன் பின்னரே அருள் போதும் என்ற விடையை ஏற்றார். வேண்டுதல் முந்தியது, ஏற்றல் பிந்தியது. நாமோ பிறர் காரியத்தில் வேண்டுதலை விட்டுவிட்டு நேரே ஏற்றலுக்குத் தாவிவிடுகிறோம்.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து வாய் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து யோபின் துன்பத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்; இறுதியில் ஆண்டவரின் கண்டனம் அவர்கள் மேலேயே விழுந்தது. துன்பத்துக்குப் பொருள் தேடும் உரிமை துன்புறுபவருக்கு உண்டு. அவர் கண்டடைந்த பொருளை மதித்துக் கேட்கும் கடமை நமக்கு உண்டு. அவருக்காக நாமே பொருளைத் தீர்மானித்து அவர்மேல் ஏற்றும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சிலுவையைச் சுமப்பது புனிதம். பிறர் தோளில் அதைச் சுமத்திவிட்டுப் பக்தி பேசுவது வேறு. சீரேனே ஊர்ச் சீமோன் செய்தது சிலுவைக்குத் தோள் கொடுத்த வேலை.

பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் அன்னையின் திருவிழாவுக்குக் கால்நடையாய் வரும் மக்களைப் பாருங்கள். எத்தனை அவசர மன்றாட்டுகள்! அவர்கள் சிலுவையை மறுப்பவர்களா? நம் மக்கள் மரியன்னைக்குச் சூட்டிய இனிய பெயரே ஆரோக்கிய மாதா என்பதுதான். நலத்தை வேண்டுவது விசுவாசக் குறைவு என்றால், அப்பெயரையே நாம் விலக்க வேண்டியிருக்கும். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞானநூலையும் விலக்க வேண்டியிருக்கும்.

நம்புவதும் முடிவெடுப்பதும்

வலியை நம்பு என்பதற்கு, கேட்டவர்க்கெல்லாம் அறுவை செய் என்று பொருள் இல்லை. நாளம் புடைக்காத கணையத்தில் மடை வெட்டிப் பயனில்லை. எல்லோர்க்கும் அறுவை வலியை நீக்குவதும் இல்லை. மார்ஃபின் போன்ற மருந்துகள் தேவைப்படும் நேரம் உண்டு. ஆனால் பல்லாண்டு நீளும் இந்நோயில் அவற்றுக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் மருத்துவமனைகளிலிருந்தே பெரிதும் மறைந்துபோனது. 2014இல் சட்டம் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அச்சத்தால் எல்லார்க்கும் மறுப்பதும் அநீதி. கவனமின்றி எல்லார்க்கும் வழங்குவதும் அநீதி. ஆகவே நம்புவது முதற்படி. ஆராய்வது அடுத்த படி. ஆபத்தும் பயனும் செலவும் ஒளிவுமறைவின்றி நோயாளியிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது மூன்றாம் படி. 'வலி முழுதும் போய்விடும்' என்று உறுதியளிக்கும் மருத்துவரைவிட, 'பெரும்பாலோர்க்குக் குறைகிறது, சிலர்க்குக் குறைவதில்லை, உங்களை விட்டுவிடமாட்டேன்' என்று சொல்பவரே உண்மையானவர்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. மருத்துவரும் மருந்தும் நம் நகரத்தில் குறைவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல், கணைய அறுவைக்கெனத் தனித்துறை வளரக் காரணமாயிருந்த பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் போன்றோரின் உழைப்பால், ஏழைகளுக்கும் இவ்வறுவை எட்டும் நிலை வந்தது. அடையாறு புற்றுநோய் மையம் 1954 முதல் வலியோடு வருவோர்க்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குறைந்து வருவது நான்காம் பகுதி, உடனிருப்பவர். அது நாம்.

வலி நம்பப்படும்போது உலகம் சிறிதேனும் மாறும் என்பதற்குத் தியாகராய நகரே சான்று. அங்குள்ள துணிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றே விற்பவர்களின் கால்வலியை, ஆயிரக்கணக்கில் சேலை வாங்கிய நாம் பல்லாண்டு காணவில்லை. 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, அவர்கள் அமர இருக்கை தரவேண்டும் என்று ஆனது. வலி முன்பே இருந்தது. நம்புவோர் பின்னரே வந்தார்கள்.

1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாளைத் திருச்சபை நோயாளர் நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாளில் பங்குகளில் திருப்பலியும் நோயில்பூசுதலும் நடைபெறுகின்றன, நன்று. அவற்றோடு, கோவிலுக்கு வர இயலாமல் தலையணையை அணைத்துக் குனிந்திருக்கும் ஒருவரின் வீட்டுக்கு நம் அன்பியத்தினர் செல்லலாம். அறிவுரை வேண்டாம், வேறொருவர் குணமான கதையும் வேண்டாம். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, 'நீங்கள் சொல்வதை நம்புகிறோம்' என்று சொன்னால் போதும். பிறகு மருத்துவமனைக்கு உடன் செல்லலாம். சீட்டு வாங்க வரிசையில் நிற்கலாம். அறுவை நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அறுவைக்குப் பின்னும் வலி நீங்காவிட்டால், அப்போதும் போகலாம். உண்மையில் அப்போதுதான் போக வேண்டும். ஏனெனில் குணமானவரைக் காண எல்லோரும் வருவார்கள். குணமாகாதவரின் வாசல்தான் வெறிச்சோடிக் கிடக்கும்.

வலிக்கு ஒரே சாட்சிதான் என்றோம். நம்புகிறவர் ஒருவர் அருகில் வந்து அமரும்போது சாட்சி இரண்டாகிறது. மோசேயின் சட்டப்படியும் அதுவே போதும்.